மூலையில் எழுதிய பெயர்

திருத்தணி மலைக்கு முந்நூற்றறுபத்தைந்து படிகள். அந்தப் படிகளையும், அவற்றில் தேங்காய் பிடுங்கத் திரியும் குரங்குகளையும், மூச்சு வாங்கக் காவடியோடு ஏறும் ஆளையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக அடைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு உருவம் கொடுத்தவள் தீபா. பிறந்த வீட்டுக்கு வெளியே இதைச் சொன்னால் நம்புவதற்கு இன்றைக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அவன் அவளுடைய கணவன் நாகேந்திரன். பெண்டாட்டி எதைச் சொன்னாலும் நம்புகிறவன் சாட்சி எங்கேயும் எடுபடாது என்று அவளுக்கும் தெரியும்.

2003-ம் வருஷம், தீபாவின் அண்ணன் அருள்முருகன் ஒரு பழைய கம்ப்யூட்டரை வேட்டியில் மூட்டை கட்டி, சென்னையிலிருந்து திருத்தணி வரை ரயிலிலும், அங்கிருந்து ஆர்.கே.பேட்டை வரை டவுன் பஸ்ஸிலும் மடியில் வைத்தே கொண்டு வந்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ரிச்சி தெருவில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். வீட்டில் நாலு விசைத்தறி ஓடியது. அப்பா ஜம்புலிங்கம் தறியை நிறுத்தாமலே கழுத்தை மட்டும் திருப்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"இது ஒரு நாளிக்கு எத்தினி மீட்டர் நெய்யும்?" என்றார்.

அருளின் கம்ப்யூட்டரில் எல்லாரிடமும் இருந்த விண்டோஸ் கிடையாது. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டிருந்தான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப் போகும். உலகத்தில் யார் யாரோ சம்பளம் வாங்காமல் எழுதிச் சேர்த்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. செய்தவர் பெயரை எடுக்கக் கூடாது.

"காசு வாங்காத வேலைக்கு பேருதான் கூலி தீபா" என்பான். தீபா அதை நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டாள். அவள் கேட்டு வைத்துக்கொண்டதுதான் பின்னால் வந்த வம்புக்கெல்லாம் காரணம்.

அந்த வருஷமே அவன் சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதத் தொடங்கினான். திருத்தணி மலையின் அடியிலிருந்து காவடியோடு ஒருவன் ஏற வேண்டும், குரங்குகளிடம் தப்பி உச்சிக்குப் போக வேண்டும். கணக்கும் கட்டளையும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படம்தான் வரவில்லை. அவன் போட்ட குரங்கு கதவிடுக்கில் நசுங்கிய பல்லி போல இருந்தது. தீபா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் கிராப் தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சேலைக் கரையில் மயிலோ அன்னமோ விழ வேண்டும் என்றால் முதலில் யாராவது கிராப் தாளில் கட்டம் கட்டமாக அதைக் கலர் பென்சிலால் அடைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டையின் பேச்சைத்தான் தறி கேட்கும். பதின்மூன்று வயதிலிருந்து அந்த வீட்டில் கிராப் போடுகிறவள் தீபா. அக்கம்பக்கத்தில் ஏழு தறிக்காரர்களுக்கும் அவள்தான். ஒரு கட்டம் தப்பினால் சேலை நீளத்துக்கும் மயிலுக்கு மூக்கு உடைந்திருக்கும். அவள் போட்டதில் இதுவரை ஒரு மயிலுக்கும் மூக்கு உடைந்ததில்லை.

கம்ப்யூட்டரில் படம் என்பதும் கட்டம்தான், குறுக்கே முப்பத்திரண்டு, நெடுக்கே முப்பத்திரண்டு என்று அண்ணன் விளக்கியபோது அவளுக்கு அதிசயமாகவே இல்லை.

"இவ்ளோதானா? இதுக்கா ஒரு வாரமா முட்டிகினு கெடந்த?" என்றாள்.

உட்கார்ந்திருக்கும் குரங்கு, தாவும் குரங்கு, பழத்தை உரித்துவிட்டுத் தோலை மனிதன் மேல் எறியும் குரங்கு. இடுப்பில் கை வைத்து நிற்கும் காவடிக்காரன். குளம், படி, மண்டபம், கோபுரம். எட்டு மாதத்தில் நாற்பது தாள். குரங்குக்குப் பயந்து ஓடினால் பிடுங்கும், நின்று முறைத்தால் பின்வாங்கும் என்ற விதியைக்கூட அவள்தான் சொன்னாள். மலை ஏறிய எவருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் அருளுக்குத் தோன்றவில்லை. அவள் அடைத்த தாளை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து அவன் கம்ப்யூட்டரில் ஏற்றினான். விளையாட்டு முதல் தடவை ஓடிய ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டுகிறவர்கள்கூட வரிசை கட்டி நின்றார்கள். முந்நூற்று ஐம்பதாவது படியில் கரண்ட் போனது. எல்லாரும் ஒன்றாக "அடச்சே" என்றார்கள். தீபா வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

2004 பொங்கலுக்கு முன்னால் அவன் அதை நெட்டில் போட்டான். கூடவே, செய்தவர்கள் பெயர்களுக்கென்று ஒரு தனிப் பக்கம். அதில் ஒரே வரி இருந்தது. அருள்முருகன், ஆர்.கே.பேட்டை.

"எம் பேரு?" என்றாள் தீபா.

"பொம்பளப் புள்ள பேர நெட்ல போட்டா கண்டவனும் மெயில் அனுப்புவான். உனக்கு வேற மாப்ள பாத்துகினு இருக்காங்க. கல்யாணம் ஆவட்டும், அடுத்த தடவ மாத்தும்போது போட்டுடறேன்."

நியாயமாகத்தான் பட்டது. அந்த வயதில் அண்ணன் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் படும்.

கல்யாணம் ஆனது. நாகேந்திரன் திருத்தணியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். மனு டைப் அடிக்க ஒரு கம்ப்யூட்டர், பட்டா நகல் எடுக்க ஒரு ஸ்கேனர். தீபா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அந்த நாற்பது தாள். மாமியார் திறந்து பார்த்துவிட்டு, குரங்குப் படமெல்லாம் சீர்வரிசையா என்று கேட்டாள்.

இதற்குள் அருளின் விளையாட்டில் மூன்று தடவை மாற்றம் வந்திருந்தது. பெயர்ப் பக்கம் மட்டும் மாறவில்லை. அருள் சென்னையில் லினக்ஸ்காரர்கள் கூடும் கூட்டங்களில் பேசினான், கைதட்டு வாங்கினான், அந்தப் பெயரை வைத்தே ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலையும் வாங்கினான். தங்கை ஞாபகப்படுத்தும்போதெல்லாம் "ஆங், போட்டுடறேன்" என்றான். முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

2007-ல் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், தீபா அந்த விளையாட்டைப் பற்றி நெட்டில் தேடிப் பார்த்தாள். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு மெயில் குழு இருந்தது. அதில் பவுலோ என்று ஒரு பிரேசில்காரர் எழுதியிருந்தார். உலகம் முழுக்கப் போகும் ஒரு பெரிய லினக்ஸ் தொகுப்பில் நல்ல விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவர் அவர். இந்தக் குரங்குகளைப் போல உயிருள்ள குரங்குகளைத் தான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை என்றும், தொகுப்பின் விதிப்படி படங்களை வரைந்தவர் யார் என்றும், மூலப் படங்கள் எங்கே என்றும் தெரிய வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அதன் கீழே அருளின் பதில் இருந்தது.

எல்லாம் நானே வரைந்தேன். மூலப் படங்கள் இப்போது இல்லை.

தீபா அதை மூன்று தடவை படித்தாள். பெயரை விட்டது வேறு. அது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம், சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். நானே வரைந்தேன் என்று எழுதக் கை வந்திருக்கிறதே. பட்டா நகலுக்கு வந்து நின்ற பெரியவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காது கேட்டது.

மறுநாள் தகரப் பெட்டி கடைக்கு வந்தது. நாற்பது தாளையும் ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்து எடுத்தாள். பிளஸ் டூ இங்கிலீஷில் அந்தக் குழுவுக்கு நாலு வரி எழுதினாள். நான் அருளின் தங்கை. படங்களை நான் வரைந்தேன். மூலப் படங்கள் இதோ. என் பெயரைச் சேர்க்கவும்.

பதில் அன்றைக்கே வந்தது. பவுலோ சந்தோஷத்தில் துள்ளிக் குதித்திருந்தார். கட்டம் போட்ட தாளில் கையால் அடைத்த படங்களை அவர் பார்ப்பது இதுதான் முதல் முறையாம். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். எல்லாத் தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரே மாதிரி ஏதோ எழுதியிருக்கிறது. குழுவில் இருக்கும் ஒரு கோலாலம்பூர்த் தமிழர் அது ஒரு மனிதரின் பெயர் என்று படித்துச் சொன்னார். ஓவியர் ஜம்புலிங்கம் என்பவர்தானா?

தீபா தாள்களை வாரி எடுத்துப் பார்த்தாள். குரங்கு, ஜம்புலிங்கம் தறி. காவடிக்காரன், ஜம்புலிங்கம் தறி. கோபுரம், ஜம்புலிங்கம் தறி. நாற்பதிலும், அவளுடைய கையெழுத்திலேயே.

கிராப் போட்டு முடித்தால் கீழே எந்தத் தறிக்கு என்று எழுதுவது அங்கே வழக்கம். அட்டை அடிக்கிற இடத்தில் தாள்கள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. போட்டவர் பெயரை எழுதும் வழக்கம் கிடையாது. அடுத்தவர் தறிக்குப் போட்டால் அவர் பெயர், சொந்தத்துக்குப் போட்டால் அப்பா பெயர். பதின்மூன்று வயதிலிருந்து எழுதி எழுதி, கடைசிக் கட்டம் முடிந்ததும் கை தானாகவே மூலைக்குப் போய் அதை எழுதிவிட்டு வந்துவிடும். குரங்குக்கும் எழுதியிருக்கிறது. ஸ்கேன் எடுக்கும்போதும் அவள் கண் அந்த மூலைக்குப் போகவில்லை.

அது தறிக்காரர் பெயர், வரைந்தவர் பெயர் அல்ல என்று எழுதினாள். அவளுக்கே அந்தப் பதில் நொண்டியடித்தது. பவுலோ மரியாதைக்காரர். தாளில் ஒரு பெயர் இருக்கிறது, நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அருள் முன்பு வேறொன்று சொன்னார். அருள் ஒரு வரி எழுதி உறுதி செய்தால் போதும், உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

ஒரே ஒரு வரி. தீபா போன் போட்டாள். அருள் மீட்டிங் என்றான். மூன்று நாள் மீட்டிங்கிலேயே இருந்தான். நாலாம் நாள் குழுவில் அவனுடைய வரி வந்தது.

மன்னிக்கவும், இத்தனை நாள் மறைத்துவிட்டேன். படங்களை வரைந்தவர் என் தந்தை ஜம்புலிங்கம். நெசவாளி. விளம்பரம் பிடிக்காதவர் என்பதால் என் பெயரில் சொன்னேன். தங்கை அவருக்குக் கூடமாட உதவியிருக்கிறாள்.

என்ன சாமர்த்தியம் பாருங்கள். தங்கை போட்டது என்று ஒப்புக்கொண்டால் திருடன். அப்பா போட்டது என்றால் தகப்பனுக்காக அடக்கம் காத்த தங்கப் பிள்ளை. குழுவில் பாராட்டு குவிந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே குரங்கு வரைந்த அறுபது வயது நெசவாளியை யாருக்குத்தான் பிடிக்காது? ஒரு ஜெர்மன்காரர் அவரைப் பற்றி ஒரு பக்கத்துக்குக் கட்டுரையே எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீபா ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறினாள். வீட்டுக் கூடத்தில் அந்தக் கட்டுரை லேமினேட் செய்து மாட்டியிருந்தது. ஜம்புலிங்கம் அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அருளும் வந்திருந்தான்.

"வாம்மா. பாத்தியா, ஜெர்மனிக்காரன் எழுதிகீறான்" என்றார்.

"நைனா, அத போட்டது நானு."

"எனக்குத் தெரியாதா? ஆனா பேரு நம்ம தறி பேருதான? நீ போட்டா இன்னா, நான் போட்டா இன்னா. எல்லாம் ஒரே வூடு."

"அப்ப எம் பேர போடச் சொல்லுங்க. ஒரே வூடுதான?"

அவர் தறியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது ஓடவில்லை, ஒளிந்துகொள்ளச் சத்தம் கிடைக்கவில்லை. அம்மா கன்னியம்மாள் காபி டம்ளரோடு வந்து நடுவில் நின்றாள்.

"இந்த வயசுல அந்த மனுசனுக்கு ஒரு சந்தோசம். நூல் கடைல எல்லாரும் எழுந்து நின்னு பேசறாங்களாம். நீ பொண்ணாப் பொறந்து அதையா பிடுங்கப் பாக்கற? உனக்கு இன்னாடி கொறச்சல்? பூ மாரி வெச்சிகிறாரு மாப்ள."

தீபா அம்மாவைத் தாண்டி அண்ணனைப் பார்த்தாள்.

"காசு வாங்காத வேலைக்கு பேருதான் கூலின்னு சொன்னது யாரு?"

"இப்ப மாத்தினா நான் ரெண்டு தடவ பொய் சொன்னவன் ஆயிடுவேன் தீபா. ஆபீஸ்ல எல்லாரும் அந்த குரூப்ல இருக்காங்க" என்றான் அருள். "உன்னோட கையெழுத்துலதான நைனா பேரு இருக்கு? நானா எழுதச் சொன்னேன்?"

அவன் சொன்னதிலேயே அதுதான் உண்மை, அதனால்தான் அவளுக்கு அது தாங்கவில்லை. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் கே.ஜி.கண்டிகை வரைக்கும் அழுதாள். அங்கே தெரிந்தவர்கள் ஏறினார்கள், நிறுத்திக்கொண்டாள்.

விளையாட்டு அந்தப் பெரிய தொகுப்பில் சேர்ந்தது. நிரல் அருள்முருகன், ஓவியம் ஜம்புலிங்கம். எந்த நாட்டில் யார் அந்த சிடியைப் போட்டாலும் அப்பாவும் பிள்ளையும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். செய்தவர் பெயரை எடுக்கக் கூடாது என்ற விதியையும் எல்லாரும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள்.

ஒரு வருஷம் கழித்து அருள் ஜெராக்ஸ் கடைக்கே வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம், புதுக் கிராப் நோட்டு, கலர் பென்சில் டப்பா. பவுலோ இன்னொரு விளையாட்டு தொடங்குகிறாராம். யானை வேண்டுமாம், படகு வேண்டுமாம். ஓவியர் ஜம்புலிங்கம்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

"முப்பது படம். நீ நெனச்சா ரெண்டு மாசம். நைனா மானம் உன் கைலதான் இருக்கு" என்றான்.

நாகேந்திரன் கல்லாவிலிருந்து எழுந்தான். தீபா அவனைக் கையால் அமர்த்தினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பென்சில் டப்பாவைத் திறந்து பார்த்தாள். நல்ல பென்சில்கள்.

"எம் பேர போட்டு அனுப்பறதுன்னா இன்னிக்கே உக்காந்து போடறேன். அனுப்புவியா?"

அருள் ஆரஞ்சுப் பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"அப்ப நைனாவையே போடச் சொல்லுண்ணா. அவருதான போட்டாரு."

அவன் கெஞ்சினான், கத்தினான், பழத்தையும் பென்சில் டப்பாவையும் வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனான். தன் பேச்சை அவன் நிஜமாகவே அப்பாவிடம் போய்ச் சொல்வான் என்று அவள் நினைக்கவில்லை. சொல்லியிருக்கிறான். ஜம்புலிங்கமும் ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தானே நம்பத் தொடங்கியிருந்தார் போலிருக்கிறது. இவ்வளவு சேலை நெய்தவனுக்கு ஒரு யானை வராதா என்று உட்கார்ந்துவிட்டாராம்.

இரண்டு வாரம் கழித்து அருள் மறுபடி வந்தான். ஒரு கிராப் தாளை மேஜை மேல் வைத்தான். தாள் பூராவும் பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்த அழுக்கு. ஒரு கட்டம்கூட அடைபடவில்லை. வலது கீழ் மூலையில் மட்டும், நடுங்கிய எழுத்தில், அழுத்தி எழுதியிருந்தது. ஜம்புலிங்கம் தறி.

தீபா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் அந்த நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த மனுஷனை நினைத்ததும் அவள் கை பென்சிலை நோக்கிப் போகக்கூடச் செய்தது. அவன் பேசாமல் இருந்திருந்தால் போட்டுக்கூடக் கொடுத்திருப்பாள். அருள்தான் வாயைத் திறந்தான்.

"பேர அவரே எழுதிட்டாரு. மீதிய நீ அடச்சிடு."

அவள் தாளை மடிக்காமல் அவன் பக்கம் தள்ளினாள்.

"மீதின்னு ஒண்ணும் இல்லண்ணா. அவரு போட்டது இவ்ளோதான். இதையே அனுப்பு."

அவன் அனுப்பவில்லை. அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, இனிமேல் வரைய முடியாது என்று குழுவில் எழுதினான். தீபா அதை ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்து படித்தாள். கீழே வரிசையாக ஆறுதல்கள். இப்படி ஒரு கலைஞனுக்கு இப்படி ஒரு சோதனையா என்று ஜெர்மன்காரர் வருந்தியிருந்தார். நல்ல கண் டாக்டர் இருக்கிறார் என்று கோலாலம்பூர்த் தமிழர் விலாசம் கொடுத்திருந்தார். அந்தக் கண்களுக்காகத் தன் தாயார் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றியதாகப் பவுலோ எழுதியிருந்தார். நல்ல மனிதர்கள், எல்லாருமே நல்ல மனிதர்கள்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு, காத்திருந்தவரின் ரேஷன் கார்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தாள். ஜம்புலிங்கத்தின் கண் குணமாக ஏழு நாட்டில் வேண்டிக்கொண்டிருந்தார்கள். தீபாவின் கை நன்றாகத்தான் இருந்தது.